படத்தில் பளபளப்பு, பீரோவுக்குப் பின்னால் ஓதம்: வீட்டை விற்கப் படமெடுப்போர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து சுன்னத் தொழுதுவிட்டு எழுந்தபோது இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் எங்கள் மஹல்லாவில் இருபது வருடங்களாக இருக்கும் பெரியவர். மற்றவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். ரியாத்தில் வேலை செய்யும் தன் மச்சானுக்காக வந்திருந்தார்.

பெரியவர் தன் இரண்டாம் மாடி ஃப்ளாட்டை விற்க முடிவு செய்து, மகனை விட்டுப் படம் எடுக்க வைத்து, ஓர் இணையதளத்திலும் சில வாட்ஸ்அப் குழுமங்களிலும் போட்டிருக்கிறார். ரியாத்திலிருந்தவர் படங்களைப் பார்த்துப் பிடித்துப்போய் இரண்டு லட்சம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்து இந்த இளைஞர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். படத்தில் ஹால் போல் விரிந்து கிடந்த படுக்கையறையில் கட்டிலைப் போட்டால் அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும். பீரோவைச் சற்று நகர்த்திப் பார்த்தால், பின்சுவர் முழுக்க ஓதம். சுண்ணாம்பு உரிந்து, உப்புப் பூத்துக் கிடந்தது.

"ஹஜ்ரத், நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனான்னு இவரையே கேளுங்க. படம் அனுப்பினேன், பிடிச்சிருக்குன்னாங்க, பணம் போட்டாங்க" என்றார் பெரியவர்.

"பொய் சொல்லலை ஹஜ்ரத். எதிர்ச் சுவத்துல இருந்த பீரோவைத் தூக்கி அந்தச் சுவத்துல ஏன் வச்சாங்கன்னு மட்டும் பாயைக் கேளுங்க" என்றார் இளைஞர்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நம் சமுதாயத்தில் வீடு வாங்குவோரில் பெரும் பகுதியினர் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டை முதலில் பார்ப்பது கைபேசியில்தான். பலர் முடிவெடுப்பதும் அதிலேயே. விற்பவருக்கோ, படம் சரியாக இல்லாததால் நல்ல வீடு மாதக்கணக்கில் விலை போகாமல் கிடக்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கிறது.

விற்பனைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்தி, வாங்குபவர் கண்ணுக்கு ஏற்பக் காட்டுவதை ஆங்கிலத்தில் ஸ்டேஜிங் என்கிறார்கள். நாடக மேடையை அமைப்பது போல என்று பொருள். 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி இதை ஒரு தொழிலாக ஆக்கினார் என்று சொல்லப்படுகிறது. அவர் நாடகத் துறையிலும் ஈடுபாடு கொண்டவர் என்பதால் அந்தப் பெயர். அங்கே இதற்கென்று சோபா, திரைச்சீலை, விளக்கு எல்லாம் வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. நம் ஊரில் அவ்வளவு தேவையில்லை. முக்கால் வாசி வேலை துடைப்பமும் ஈரத்துணியும் செய்துவிடும்.

முதல் வேலை சாமான்களைக் குறைப்பது. நம் வீடுகளில் எதையும் தூக்கிப் போடும் வழக்கமில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய தேக்சா, பழைய மிக்ஸி, பிள்ளைகளின் உடைந்த சைக்கிள், சவூதியிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகள் எல்லாம் லாஃப்டிலும் பால்கனியிலும் அடைந்து கிடக்கும். பார்ப்பவருக்கு "இந்த வீட்டில் இடம் பத்தாது" என்ற எண்ணம்தான் முதலில் வரும். ஒரு வாரம் அவற்றைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சமையல் மேடையில் அடுப்பைத் தவிர எதுவும் வேண்டாம். குளியலறையில் வாளி, கப்பு, சோப்பு, துடைப்பம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கழிப்பறை மூடியை மூடி வையுங்கள். கொடியில் துணி இருக்கக் கூடாது. கண்ணாடி ஜன்னல்களைத் துடைத்தாலே அறையின் வெளிச்சம் கூடுவதைப் பார்ப்பீர்கள். ஸ்விட்ச் போர்டைச் சுற்றியிருக்கும் கைக்கறை, கதவு கைப்பிடியருகே படிந்த அழுக்கு ஆகியவை படத்தில் நன்றாகத் தெரியும். ஃபியூஸ் போன பல்பு, ஒழுகும் குழாய், பூட்டு விழாத கதவு எல்லாம் சில நூறு ரூபாய் வேலை. ஆனால் வாங்குபவர் அதைப் பார்த்ததும், சின்னதையே கவனிக்காதவர் பெரியதை எப்படி வைத்திருப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

அதே சமயம் எல்லாவற்றையும் காலி செய்துவிடவும் வேண்டாம். வெற்று அறையின் அளவைப் படத்தில் பார்த்து ஊகிப்பது கடினம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி இருந்தால்தான் கண்ணுக்கு அளவு பிடிபடும்.

அடுத்து படம். உயிருள்ளவற்றைப் படமெடுப்பது பற்றி நம்மிடையே உள்ள நீண்ட விவாதம் இங்கே எழாது. சுவரையும் தரையையும் எடுப்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே தைரியமாக எடுக்கலாம்.

கேமரா வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. இன்றைய கைபேசியே போதும். லென்ஸை முதலில் மென்மையான துணியால் துடையுங்கள். நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் லென்ஸில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருக்காது. படுக்கைவாட்டில் எடுங்கள். அறையின் மூலையிலோ வாசற்படியிலோ நின்று, கைபேசியை நெஞ்சு உயரத்தில், நான்கிலிருந்து நான்கரை அடியில் பிடியுங்கள். சமையலறையில் மட்டும் மேடை தெரிவதற்காகக் கொஞ்சம் உயர்த்தலாம். முக்கியமானது, கைபேசியை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடிப்பது. சாய்த்தால் சுவர்கள் சரிந்து விழுவது போலத் தெரியும். கேமராவில் கட்டக்கோடுகளை இயக்கி வைத்துக்கொண்டு சுவரின் விளிம்பை அந்தக் கோட்டோடு ஒத்துப் பாருங்கள். படத்தின் தரம் பாதி அங்கேயே உயர்ந்துவிடும்.

வெளிச்சம் பகலுடையதாக இருக்கட்டும். கிழக்கு பார்த்த வீட்டின் முன்பக்கத்தைக் காலையிலும் மேற்கு பார்த்ததை அஸருக்குப் பிறகும் எடுத்தால் முகப்பு துலங்கும். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசினால் எச்.டி.ஆர். வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சமும் இருளும் கொண்ட பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருவதுதான் அதன் வேலை. ஃபிளாஷ் வேண்டாம், அது எதிர்ச் சுவரை வெளுப்பாக்கி மூலைகளை இருட்டாக்கும். ஒரே அறையில் மஞ்சள் பல்பும் வெள்ளை டியூப் லைட்டும் சேர்ந்து எரிந்தால் சுவரின் நிறம் கெட்டுப்போகும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள்.

தனி வீடென்றால் முகப்பை முதல் படமாக வையுங்கள். ஃப்ளாட்டென்றால் நல்ல வெளிச்சமுள்ள ஹாலை வையுங்கள். பிறகு ஒருவர் வீட்டுக்குள் நடந்து வருவது போன்ற வரிசை: ஹால், சமையலறை, படுக்கையறைகள், குளியலறைகள், பால்கனி, மொட்டை மாடி, பார்க்கிங், தெரு. தெருவின் படத்தைப் பலரும் போடுவதில்லை. வாங்குபவர் கேட்பதோ அதைத்தான். கார் நுழையுமா, ஆட்டோ திரும்புமா என்பது தெருவைப் பார்த்தால்தான் தெரியும். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வோர் அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து எழுதிப் படமெடுத்துச் சேருங்கள். எனக்குத் தெரிந்து, பத்துப் படங்களைவிட இந்த ஒரு தாள் அதிக நம்பிக்கையைத் தருகிறது.

இன்னொன்று. விளம்பரங்களில் "பள்ளிவாசல் 5 நிமிட நடை" என்று போடுகிறார்கள். யாருடைய காலுக்கு என்று போடுவதில்லை. ஃபஜ்ருக்கு முழங்கால் வலியோடு நடக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் அது பதினைந்து நிமிடம். மீட்டர் கணக்கில் எழுதிவிடுவது நல்லது.

படமெடுக்கும்போது நம் வீடுகளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மறைவு. பீரோ கண்ணாடியிலும் டிவி திரையிலும் வீட்டுப் பெண்கள் தெரிந்த படங்கள் பொதுத் தளங்களில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். எடுத்தவர் கவனிக்கவில்லை, ஊரே பார்த்துவிட்டது. கண்ணாடியுள்ள அறையில் பக்கவாட்டில் நின்று எடுங்கள். போடும் முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். சுவரில் மாட்டிய குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மேசையில் கிடக்கும் ஆதார் நகல், ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து, பீரோவின் லாக்கர் எல்லாம் எடுக்கப்பட வேண்டும். கைபேசி கேமராவில் இருப்பிடப் பதிவையும் அணைத்து வையுங்கள். படம் மங்காமல் இருக்க வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்புவோர் உண்டு. அப்படி அனுப்பும்போது படத்தோடு அந்த இடக்குறிப்பும் சேர்ந்தே போகும்.

இனி, அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு வார்த்தையும் பொய் சொல்லாமல் ஒருவர் ஏமாற்ற முடியுமா?

சில சகோதரர்கள் இதைக் கேட்டதும், வீட்டை அழகுபடுத்திக் காட்டுவதே மோசடி என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. விற்பனைப் பொருளைச் சுத்தம் செய்து வைப்பது வியாபாரத்தின் அடிப்படை. எல்லை வேறோர் இடத்தில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அந்த வியாபாரி எந்தப் பொய்யும் சொன்னதாக அதில் இல்லை. காய்ந்ததை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். பால் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, அதிகம் கறக்கும் ஆடு போலக் காட்டி விற்பதைத் தடுத்த ஹதீஸும் அப்படியே. அங்கேயும் பேச்சில் பொய் இல்லை, காட்சியில்தான் பொய்.

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன ஓர் இடம், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இதையொட்டி வரும் பட்டியல். கால்வாய்த் தண்ணீரையும் ஆலையைச் சுழற்றும் தண்ணீரையும் தேக்கி வைத்து, வாங்குபவர் வரும் நேரத்தில் திறந்துவிட்டால், பிறகு உண்மை தெரிந்தவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு. அடிமைகள் விற்கப்பட்ட அந்தக் காலத்தில், ஒருவரின் நரைத்த முடிக்குக் கறுப்புச் சாயம் பூசி விற்றாலும் அதே சட்டம். ஆனால் எழுத்தர் என்று எண்ணட்டும் என அவரது ஆடையில் மையைத் தடவி வைத்தால், சரியான கருத்தின்படி முறிக்கும் உரிமை இல்லை. சட்டையில் மை இருப்பதை மட்டும் பார்த்து எழுத்தர் என்று நம்பியது வாங்கியவரின் அவசரம். கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இதை இன்றைய ஃப்ளாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மேசையில் பூச்சாடி வைப்பது, புதுத் திரைச்சீலை போடுவது, புத்தக அலமாரியை ஒழுங்காக அடுக்குவது எல்லாம் சட்டையில் உள்ள மை போன்றவை. வீட்டோடு அவை வரப்போவதில்லை என்பது வாங்குபவருக்கே தெரியும். ஆனால் போர் வற்றிய கோடையில், பார்க்க வருகிறார்கள் என்று டேங்கர் லாரி வரவழைத்து சம்ப்பை நிரப்பி, குழாயைத் திறந்து காட்டி, "தண்ணீர் பிரச்சினையே இல்லை" என்ற எண்ணத்தை ஏற்படுத்துவது அச்சு அசலாகத் தேக்கித் திறந்த கால்வாய்தான். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை நினைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. அதேபோல 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலோ தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியிருந்து, அந்தக் கோட்டின் மேல் புட்டி வைத்து எமல்ஷன் அடித்துப் படமெடுத்தால், அது நரைக்குச் சாயம். ஓதச் சுவருக்கு வெறுமனே பெயின்ட் அடிப்பதும் அப்படியே. அடுத்த மழையில் அது உரிந்து விழும். விற்றவர் அதற்குள் வீட்டை ஒப்படைத்துப் போயிருப்பார்.

அகல லென்ஸ் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கைபேசியில் 0.5 என்று இருப்பது மிக அகலமான பார்வை. சின்ன அறையை முழுவதும் காட்ட அது உதவும். ஆனால் அருகில் உள்ளதை நீட்டி, எதிர்ச் சுவரைத் தூரத்தில் தள்ளிக் காட்டும். ஓரத்தில் இருக்கும் வாளி முட்டை வடிவமாகிவிடும். தொழில்முறைப் படக்காரர்களும் அகல லென்ஸ்தான் பயன்படுத்துகிறார்கள் என்றாலும் இந்த அளவுக்குப் போகமாட்டார்கள். என் கருத்து: சாதாரண 1x-இல் எடுங்கள். குளியலறை போன்ற நெருக்கமான இடத்துக்கு 0.5 பயன்படுத்தினால், படத்தின் கீழே அறையின் அளவை எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு ஏமாற்று என்ற பேச்சுக்கு இடமில்லை. காலி அறையில் ஏ.ஐ. வைத்து சோபா போட்டுக் காட்டுவதற்கும் இதே விதி: அது சேர்க்கப்பட்ட படம் என்று குறிப்பிட்டு, உண்மையான படத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஆனால் அதே ஏ.ஐ. கொண்டு வாசலில் நிற்கும் டிரான்ஸ்பார்மரையோ ஜன்னலை உரசும் மின்கம்பியையோ அழிப்பதற்கு எந்தக் குறிப்பும் பரிகாரமாகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இப்படி மாற்றப்பட்ட படங்களைத் தரகர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மூலப் படத்தையும் காட்ட வேண்டும் என்று 2026 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் பேசாமலில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவரே சொல்லிவிட வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடியாகவே கருதுகிறது. புதுக் கட்டடம் விற்கும் நிறுவனமென்றால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 12ஆவது பிரிவு இருக்கிறது. விளம்பரத்திலோ மாதிரி ஃப்ளாட்டிலோ பொய்யாகக் காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்தவர் நஷ்டஈடு கேட்கலாம், விலகினால் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம் என்று அது சொல்கிறது. (வட்டி விஷயத்தில் நம் நிலை தனி. அசலைத் திரும்பப் பெற அந்தப் பிரிவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.)

அன்று இரவு நான் அந்தப் பெரியவரிடம் சொன்னது இதுதான்: "பாய், படுக்கையறை சின்னதுங்கறது அவங்க கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது, அதை விட்டுடுவோம். பீரோ அப்படி இல்லை. அது மேல பரப்பின காய்ஞ்ச தானியம். அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க." அவர் அதில் ஒரு பகுதியை மகள் வீட்டு விசேஷத்துக்குச் செலவழித்துவிட்டிருந்தார். இரண்டு தவணையில் கொடுத்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. அந்த இளைஞர் இப்போதும் எங்கள் பள்ளிக்குத்தான் தொழ வருகிறார். இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள், முஸாஃபஹா இல்லை. வீட்டை மேல்மாடிக் குளியலறைக் கசிவைச் சரிசெய்து, சொன்ன விலையிலிருந்து கொஞ்சம் இறங்கித்தான் பெரியவரால் விற்க முடிந்தது. வாங்கியவர் அடுத்த தெருக்காரர், படமே பார்க்காதவர்.

ரியாத்திலிருந்தவர் மீதும் தவறில்லாமல் இல்லை. அவர் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். அந்த மத்ஹபின் வலுவான கருத்தின்படி, பார்க்காத குறிப்பிட்ட பொருளை விற்பதும் வாங்குவதும் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் வியாபாரம் செல்லும், ஆனால் பார்த்தபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. சரி, படத்தைப் பார்ப்பது பொருளைப் பார்ப்பதாகுமா? ஹனஃபி நூல்களில் இதற்கு மிக நெருங்கிய ஒரு சட்டம் இருக்கிறது: கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தவருக்கு அந்த உரிமை போய்விடாது, அவர் பார்த்தது பொருளை அல்ல, அதன் சாயலைத்தான். வீட்டைப் பற்றியும் தனியாகப் பேசியிருக்கிறார்கள். முற்றத்தைப் பார்த்தாலே வீட்டைப் பார்த்ததாகும் என்று முன்னோர் சொன்னார்கள். இமாம் ஸுஃபர் (ரஹ்) உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும் என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹிதாயாவை எழுதிய மர்கீனானி (ரஹ்), முன்னோர் காலத்து வீடுகள் உள்ளே ஒரே மாதிரி இருந்ததால் அப்படிச் சொன்னார்கள், இன்றோ வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது, ஆகவே உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று முடிக்கிறார்கள். எண்ணூறு வருடங்களுக்கு முன்பே அப்படியென்றால், ஒரே கட்டடத்தின் இரண்டு ஃப்ளாட்டுகள்கூட ஒன்றுபோல் இல்லாத இன்று என்ன சொல்வது?

நீங்கள் வர முடியாவிட்டால் வாங்குவதற்கு ஒருவரைப் பிரதிநிதியாக்கி அனுப்புங்கள். அவர் பார்ப்பது இரண்டு மத்ஹபிலும் போதுமானது. பணம் அனுப்புவதற்கு முன் அனுப்புங்கள், பின் அல்ல. வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டுவது தனி. வீட்டைப் பார்ப்பவர் செய்ய வேண்டியது: மழை பெய்த மறுநாள் போவது. பீரோ, கட்டில், மாட்டியிருக்கும் காலண்டர் எல்லாவற்றையும் நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பார்ப்பது. குளியலறைக்குக் கீழே வரும் சீலிங்கை நிமிர்ந்து பார்ப்பது. அறைகளை டேப் வைத்து அளப்பது. விளம்பரத்தில் சொன்ன சதுரடியில் உள்ளே புழங்கும் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேட்பது. வாட்ச்மேனிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் தண்ணீரைப் பற்றி விசாரிப்பது. வீடியோ காலில் உங்களுக்குக் காட்டும்போது கேமரா வாசலில் தொடங்கி நிறுத்தாமல் ஒவ்வோர் அறையாகப் போகட்டும், நடுவில் எங்கேயாவது "இந்த ரூம்ல லைட் இல்லை, அப்புறம் காட்டறேன்" என்று தாண்டினால், அந்த அறைக்கே திரும்பிப் போகச் சொல்லுங்கள்.